பட்டறைக்கும் கல்லூரிக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர்

2016-இல் எங்கள் கம்பெனி ஒரு பொறியியல் கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. பேனர் கட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கல்லூரி முதல்வரும் ஆளுக்கொரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் அவர்களுடைய ஆண்டு மலரில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அந்தக் கல்லூரியிலிருந்து எங்கள் கேட்டைத் தாண்டி வந்தது ஒரே ஒரு பஸ். மூன்றாம் வருட மாணவர்கள் அறுபது பேர் இறங்கி, நாற்பது நிமிடத்தில் சுற்றிப் பார்த்து, வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குறை அவர்கள் பக்கம் மட்டும் இல்லை. அந்த ஒப்பந்தத்தை இப்போது எடுத்துப் படித்தால், "ஆராய்ச்சி, பயிற்சி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் இணைந்து செயல்படுதல்" என்று இருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியர் திங்கட்கிழமை காலை என்ன வேலையை ஆரம்பிப்பார்?

நாங்கள் கோவை கணபதியில் பம்ப்செட் செய்கிறோம். அப்பா ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்த பட்டறை. இன்று ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான பேர் வேலை செய்கிறார்கள். எங்களிலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குள் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த ஊரில் தொழிலும் கல்லூரியும் ஒன்றாகவே வளர்ந்தவை. அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-இல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியது. பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் வந்தபோது, அங்கே ஏற்கெனவே பம்பும் மோட்டாரும் செய்கிற இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் ஓடிக்கொண்டிருந்தது. நூற்பாலைக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையமாக 1956-இல் சிட்ராவை உண்டாக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நானோ என் தெருவில் இருக்கிற மற்ற பட்டறைக்காரர்களோ ஒரு பேராசிரியரிடம் போய்த் தொழில் சந்தேகம் கேட்டதே கிடையாது. இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

உறைத்தது 2018 ஜூனில். அன்னூர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போட்ட பம்ப் இழுக்கவில்லை என்று ஒருவர் எங்கள் சர்வீஸ் கவுண்டருக்கு வந்தார். மெக்கானிக் அதைப் பிரிக்கும் வரை பின்பக்கம் நடந்துகொண்டிருந்தவர், சுவர் ஓரமாகக் கிடந்த, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர்களின் ரிஜெக்ட் குவியலுக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் போய் நின்றேன்.

"ஏனுங்க, இதெல்லாம் எதனால ரிஜெக்ட் ஆச்சுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. பவுண்டரிக்கே திருப்பி அனுப்பிடுவோம். உருக்கி மறுபடியும் ஊத்திடுவாங்க."

"அப்ப காரணத்தையும் சேர்த்து உருக்கிடறீங்க."

அவர் ஒரு கல்லூரியில் உலோகவியல் பேராசிரியர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. போகும்போது ஓட்டை விழுந்த இம்பெல்லர் மூன்றைத் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஃபைலும் பொன்னாடையும் இரண்டு வருடமாகச் செய்யாத வேலை அந்த மூட்டையில் ஆரம்பித்தது.

எங்கள் பிரச்சினையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோபிளாக் பம்பில் இம்பெல்லர் வார்ப்பிரும்பு. பவுண்டரியிலிருந்து வரும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். லேத்தில் ஏற்றி இரண்டு கட் எடுத்ததும் ஊசித் துளை தெரியும், சில சமயம் கடலைப் பருப்பு அளவுக்குப் பொத்தல். அதற்குள் லேத் நேரம், டூல், கரண்ட் எல்லாம் செலவாகியிருக்கும். வார்ப்பின் விலையைப் பவுண்டரி கழித்துக்கொள்ளும். மெஷினிங் கூலியை யார் ஏற்பது என்பதில்தான் மாதா மாதம் தகராறு. அரசூரில் பவுண்டரி வைத்திருப்பவர் என் மச்சான். "உங்க ஆளு கட் அதிகமா குடுக்கறான்" என்பார் அவர், "உங்க மணல் சரியில்லை" என்பேன் நான். ஒரு தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லாமல் போனது. கல்லூரியால் எங்களுக்குக் கிடைத்த முதல் நன்மை தொழில்நுட்பம் அல்ல. இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவராகவோ வேண்டியவராகவோ இல்லாத ஒரு மூன்றாம் ஆள் கிடைத்தார். அவர் சொன்னால் மச்சானும் கேட்டார், நானும் கேட்டேன்.

ஜூலையில் பேராசிரியர் கடைசி வருட மாணவர்கள் மூன்று பேரை அனுப்பினார். இரண்டு பையன்கள், ஒரு பெண். முதல் இரண்டு வாரம் அவர்கள் எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை, எண் போட்டார்கள். இரும்பை ஊற்றுகிற மணல் அச்சான ஒவ்வொரு மோல்டிலும் சின்ன எண் அச்சை அழுத்தி, லேத்தில் சீவிப் போகாத இடமாகப் பார்த்து, வார்ப்பு வெளியே வரும்போதே எண்ணோடு வருகிற மாதிரி செய்தார்கள். எந்த நாள், உருகிய இரும்பை அள்ளி ஊற்றியது எந்தக் கரண்டி, கரண்டியில் எத்தனையாவது மோல்ட் பெட்டி, மணலின் ஈரம், வார்ப்புக்குள் வெற்றிடம் விட மோல்டில் வைக்கும் மணல் உருவமான கோர் செய்த தேதி, ஊற்றும்போது இரும்பின் வெப்பம், இவ்வளவும் அரசூரில் ஒரு நோட்டில். அதே எண் கணபதியில் லேத்துக்கு வரும்போது, நல்லதா கெட்டதா, ஓட்டை எந்த இடத்தில் என்று இன்னொரு நோட்டில். வெப்பமானி கல்லூரி லேபிலிருந்து வந்தது.

பவுண்டரியில் ஒரு மோல்டர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடமாக மணலில் கை வைத்திருப்பவர். காலையில் மணலை ஒரு பிடி அள்ளி அழுத்துவார், கையை விரித்து அந்த உருண்டையை நடுவில் உடைப்பார், உடைந்த ஓரத்தைப் பார்ப்பார். "இன்னைக்கு ஈரம் ஒரு சொட்டு தூக்கல், கண்ணு" என்பார். அந்தப் பெண் ஈரமானியை வைத்துப் பார்ப்பாள், முந்தின நாளைவிட ஏறியிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து அவள் மீட்டரை எடுப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டு எழுத ஆரம்பித்தாள். நோட்டில் இரண்டு பத்தி போட்டிருந்தாள். ஒன்றுக்குத் தலைப்பு "அண்ணன்", இன்னொன்றுக்கு "மீட்டர்". மூன்றாவது வாரம் அவரே வந்து, "மிசினு என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் தெளித்தார். அந்த நோட்டை நான் இன்னும் என் மேஜையில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஒவ்வொரு கரண்டியிலும் கடைசியாக ஊற்றிய பெட்டிகளில்தான் ஓட்டை அதிகம். கரண்டி சூடு இறங்கிய பிறகு ஊற்றினால் இரும்பு சீக்கிரம் இறுகுகிறது, கோரிலிருந்து கிளம்பும் வாயு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. இதை மோல்டர் அண்ணன் முதல் வாரமே சொல்லியிருந்தார், "கடைசி நாலு பெட்டி எப்பவுமே சந்தேகந்தான்" என்று. அதற்கு முன் அவரை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது விஷயம் அவருக்கும் தெரியாதது. திங்கட்கிழமை ஊற்றியதில் ஓட்டை அதிகம். சனிக்கிழமை செய்த கோர்கள் ஞாயிறு முழுக்கத் திறந்த கொட்டகையில் கிடந்து மழைக்கால ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. சூடான இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகித் துளை போடுகிறது. இத்தனை வருடம் இது ஏன் கண்ணில் படவில்லை? ஓட்டை தெரிவது கணபதியில், அதுவும் நாலைந்து நாள் கழித்து. ஊற்றிய கிழமை எதுவென்று லேத்காரருக்குத் தெரியாது. லேத்தில் என்ன ஆனது என்று மோல்டருக்குத் தெரியாது. எண் போட்ட பிறகுதான் இரண்டும் சந்தித்தன.

பரிகாரம் எளிமையானது. ஒரு கரண்டிக்குப் பெட்டி எண்ணிக்கையைக் குறைத்தோம், கரண்டியை முன்கூட்டியே சூடேற்றினோம், திங்கள் காலையில் கோர்களை மறுபடி அடுப்பில் வைத்து எடுத்தோம். பொங்கலுக்கு முன்பே சுவர் ஓரக் குவியல் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மாணவர்களின் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, எண் அச்சு எல்லாம் சேர்த்து எங்கள் பம்ப்செட் ஒன்றின் விலைகூட ஆகவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே, "எங்களுக்கும் ஒரு புரொஃபசரைச் சொல்லுங்க" என்கிறார்கள். ஆளைத் தேடுவதற்கு முன்னால் பிரச்சினையை எழுதுங்கள் என்பதுதான் என் பதில். ஒரே பக்கம் போதும். என்ன நடக்கிறது, எவ்வளவு அடிக்கடி, அதனால் மாதம் எவ்வளவு போகிறது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தோம், என்ன சாம்பிள் கொடுக்க முடியும், மாணவர் போன் செய்தால் எங்கள் பக்கம் யார் எடுப்பார். "பம்பின் தரத்தை உயர்த்த வேண்டும்" என்று எழுதினால் அது 2016 ஒப்பந்தம் மாதிரி ஆகிவிடும். "இம்பெல்லரில் லேத்துக்குப் பிறகு ஓட்டை தெரிகிறது" என்றால் ஒரு இருபது வயதுப் பையன் மறுநாளே வேலையை ஆரம்பித்துவிடுவான். கல்லூரியில் யாரையுமே தெரியாது என்றால், லேபுக்குக் காசு கட்டி ஒரு டெஸ்ட் கொடுங்கள். பல கல்லூரிகள் வார்ப்பின் ரசாயனக் கலவை, இழுவிசை, நுண்ணமைப்பு எல்லாம் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. ரிப்போர்ட்டை நேரில் போய் வாங்குங்கள். லேப் டெக்னீஷியன், "இது ஏன் இப்படி வருது?" என்று கேட்பார். அந்தப் பேச்சு உங்களைச் சரியான ஆளிடம் கொண்டுபோய் விடும்.

அடுத்த வருடம் நான் செய்த தப்பு நாட்காட்டி சம்பந்தப்பட்டது. பம்ப் தொழிலுக்கு சீசன் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. கல்லூரியில் கடைசி வருட புராஜெக்டின் பெரும்பகுதி நடப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. யோசிக்காமல் இரண்டு புராஜெக்டை ஜனவரியில் எடுத்துக்கொண்டேன். மார்ச்சில் பம்பை ஓட்டிச் சோதிக்கிற டெஸ்ட் பெட் ஒரு நிமிடம் காலியில்லை, ஆர்டர் குவிந்துகிடக்கிறது, ஃபோர்மேனுக்கு டீ குடிக்க நேரமில்லை. இரண்டு மாணவர்கள் ஒரு மணி நேர டெஸ்டுக்காக மூன்று நாள் வாசல் பெஞ்சில் காத்திருந்து திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு ரிவ்யூவில் காட்ட எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் மார்க்கு குறைந்ததற்கு நான்தான் காரணம், அது இன்றும் எனக்கு வருத்தம். அதிலிருந்து எங்களுடைய எந்தப் புராஜெக்டும் ஜூலையில்தான் தொடங்கும். மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை குறைவு, அவர்களுக்கோ புது வருட ஆரம்பம். ஆழமான வேலை என்றால் எம்.இ. மாணவர்கள்தான் சரி. அவர்களுக்குப் புராஜெக்ட் இரண்டு கட்டமாக, கிட்டத்தட்ட ஒரு வருடம் நீள்கிறது. ஜூலையிலிருந்து நவம்பர் வரை பட்டறையில் அளவு எடுக்கட்டும், நாங்கள் சீசனில் ஓடும்போது அவர்கள் கணக்குப் போடட்டும், எழுதட்டும்.

காசைவிட நேரம்தான் பெரிய செலவு. எங்கள் ஃபோர்மேனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், சனிக்கிழமை பத்திலிருந்து பதினொன்று, மாணவர்களுக்கென்றே ஒதுக்கினேன். அந்த நேரத்தில் நானே கூப்பிட்டாலும் அவர் வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆரம்பத்தில் அவருக்கு அது பிடிக்கவில்லை, "படிச்சவங்களுக்கு நான் என்ன சொல்றது" என்று ஒதுங்கினார். ஆறு மாதத்தில், வருகிற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று பழுதான பாகங்களை அவரே தனி ரேக்கில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

2019 ஜூலையில் ஒரு எம்.இ. மாணவர் வந்தார், இம்பெல்லரின் திறனை உயர்த்துவதற்கு. கணினியில் தண்ணீர் ஓட்டத்தைப் போட்டுக் காட்டினார். சிவப்பும் நீலமுமாகப் பார்க்கவே அழகாக இருந்தது. இம்பெல்லரின் வளைந்த இதழ்களான வேன்களை மெலிதாக்கி, கோணத்தை மாற்றியிருந்தார். வரைபடத்தை அரசூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். மோல்டர் அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, இது எத்தனை மில்லி?"

"ரெண்டரை மில்லிங்கண்ணா."

"ரெண்டரையில இரும்பு ஓடி முடியறதுக்குள்ள உறைஞ்சு நின்னுக்கும். நாலு குடு, மூணரைக்குப் பார்க்கலாம்."

அந்த மாணவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் மறுநாளே மூன்றரையில் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். கோர் பெட்டியைக் கல்லூரியில் இருந்த முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் செய்துகொண்டு வந்தார். மரத்தில் பேட்டர்ன்காரரிடம் செய்தால் வாரக்கணக்கில் ஆகும், இது மூன்று நாளில் வந்தது. ஒரு பெட்டி சரியில்லை என்றால் திருத்தி இன்னொன்று. பழைய முறையில் வருடத்துக்கு ஒரு மாதிரி பார்ப்போம், அந்த நாலு மாதத்தில் ஐந்து மாதிரி ஊற்றிப் பார்த்தோம். பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் போட்டு வைத்திருக்கிற வசதி நம் கல்லூரி லேபில் மத்தியானத்துக்கு மேல் சும்மா நிற்கிறது என்பதை அப்போதுதான் நேரில் பார்த்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, டெஸ்ட் நின்றுபோனது. டிகிரி வாங்கிய பிறகு அந்த மாணவர் ஆகஸ்டில் தானாகத் திரும்பி வந்து, டெஸ்ட் பெட்டில் இரண்டு நாள் நின்று, தண்ணீர் ஏறும் உயரம், வெளியே வரும் அளவு, கரண்ட் எல்லாம் அளந்து முடித்தார். திரையில் காட்டிய முன்னேற்றத்தில் பாதிதான் நிஜத்தில் வந்தது. வார்ப்பின் உள்முகம் சொரசொரப்பு, இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே இருக்கிற வேரிங் இடைவெளியில் கசிவு, இதெல்லாம் கணினிக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதியே எங்களுக்குப் பெரிது. விவசாயியின் கிணற்றில் ஒவ்வொரு நாளும் ஓடுகிற பொருளில் கொஞ்சம் கரண்ட் குறைந்தாலும் அது பம்பின் ஆயுள் முழுக்கக் கூடிக்கொண்டே போகும்.

இந்த வேலையில் ஒரு விபத்து நூலிழையில் தப்பியது. மாணவர் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பத் தயாராகியிருந்தார். அதில் எங்கள் வேன் கோணங்கள் அத்தனையும் அட்டவணையாக இருந்தன. அவர் மேல் தப்பில்லை, அவர் படிப்புக்குக் கட்டுரை வேண்டும். நான்தான் முன்கூட்டியே எதையும் பேசவில்லை. பொதுவில் வெளியாகிவிட்ட ஒன்றுக்குப் பிறகு காப்புரிமை கேட்டால், அது புதியது இல்லை என்று தள்ளுபடி ஆகிவிடக்கூடும். பேராசிரியர் இரண்டு நாள் முன்னால் தற்செயலாகச் சொன்னதால் பிழைத்தோம். அளவுகளை எடுத்துவிட்டு, சோதனை முறையையும் முடிவுகளையும் மட்டும் எழுதினார்கள். கட்டுரையும் வந்தது, எங்கள் அளவும் எங்களோடு இருந்தது.

இப்போது எந்தப் புராஜெக்டுக்கும் முதல் நாளிலேயே ஒரு பக்கக் கடிதம் போடுகிறோம். நாங்கள் கொடுக்கும் வரைபடமும் தகவலும் எங்களுடையவை. புதிதாகக் கண்டுபிடிப்பது இரண்டு பேருக்கும் பொது. மாணவர் பெயர் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் கட்டாயம் இருக்கும். வெளியிடும் எதையும் அறுபது நாள் முன்னதாக எங்களுக்குக் காட்ட வேண்டும், அதற்குள் நாங்கள் பதில் சொல்லாவிட்டால் அவர்கள் தாராளமாக வெளியிடலாம். இந்தக் கடைசி வரி முக்கியம். கம்பெனிக்காரர் பேசாமல் இழுத்தடிப்பதால் பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது. காப்புரிமைக்குச் செலவாகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2021-இல் விதி மாறிய பிறகு கல்வி நிறுவனங்களுக்கு அரசுக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைவு, சிறு தொழில் நிறுவனங்களுக்கும் அதே அளவு சலுகை இருக்கிறது.

ஒரு பேராசிரியருக்கு நம்மிடம் என்ன தேவை என்று நாம் யோசிப்பதே இல்லை. அவருக்கு வகுப்பு, பரீட்சைத் தாள், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான வேலை, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கான கணக்கு என்று தலைக்கு மேல் வேலை. அந்தத் தரவரிசையில் கட்டுரைக்கும் காப்புரிமைக்கும் ஆலோசனை வருமானத்துக்கும் மதிப்பெண் இருக்கிறது. அதனால் "சும்மா வந்து பாருங்க சார்" என்று கூப்பிடாமல், ஆலோசனைக் கட்டணமாகக் கல்லூரிக் கணக்கில் செலுத்தி பில் வாங்குங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு அது கணக்கில் ஏறும், அடுத்த முறை நம் பட்டறைக்கு வருவதற்கு அனுமதி சுலபமாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் என்ன மாறியது என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நான் கொடுத்த முதல் கடிதத்தை எங்கள் பேராசிரியர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்து, ஆள் எடுப்பது. ஒரு வருடம் கேம்பஸ் நேர்காணலுக்கு நானும் போய் உட்கார்ந்தேன். ஐடி கம்பெனிகள் ஆகஸ்டிலேயே வந்து போய்விட்டன, எங்களுக்குப் பிப்ரவரியில் ஒரு மதியம் கொடுத்தார்கள். நாலு பேர் வந்தார்கள், மூன்று பேர் பேச்சிலேயே விருப்பம் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த வரிசையில் நான் நிற்பதில்லை. புராஜெக்டுக்கு வருகிறவர்களை ஆறு மாதம் பார்க்கிறோம், அவர்களும் எங்களைப் பார்க்கிறார்கள். மணலில் கை வைக்கத் தயங்காதவர் யார், தப்பு வந்தால் மறைக்காமல் சொல்கிறவர் யார் என்று எந்த நேர்காணலிலும் தெரியாது. பிஎஸ்ஜி மாதிரியான இடங்களில் சாண்ட்விச் என்று ஐந்து வருடப் படிப்பு உண்டு, நடுநடுவே தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பார்கள். பாலிடெக்னிக் மாணவர்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் டெஸ்ட் பெட்டை இன்று நடத்துவது டிப்ளமோ முடித்த ஒருவர்தான்.

மணல் ஈரத்தை நோட்டில் எழுதிய அந்தப் பெண்ணை வேலைக்குக் கூப்பிட்டபோது, அவள் அப்பா சோமனூரிலிருந்து வந்தார். விசைத்தறிக்காரர். ஆபீஸில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, பட்டறையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏனுங்க, பொம்பளப் புள்ளைக்கு பாத்ரூம் எங்கீங்க இருக்குது?"

இல்லை. இருந்தது ஒன்றுதான், எல்லோருக்கும் பொது, அதன் கதவும் சரியாகச் சாத்தாது. நான் திறமையைத் தேடி ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் பொறியாளர் எட்டு மணி நேரம் இருக்க முடியாத இடமாகப் பட்டறையை வைத்திருந்தேன். இருபது நாளில் கட்டி முடித்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "சம்பளம் ஐடியில குடுக்கற அளவு வருங்களா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பெரிய ஐடி கம்பெனிகள் புதியவர்களுக்குத் தருவது பல வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றுகொண்டிருக்கிறது. அது நமக்கு எட்டாத தொகை அல்ல. இஞ்சினியருக்கு மாதம் பன்னிரண்டாயிரம் என்று சொல்லிவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்க பட்டறைக்கு வர மாட்டேங்கறாங்க" என்று சங்கக் கூட்டத்தில் புலம்புவது சரியில்லை. ரிஜெக்‌ஷன் குறைந்ததில் மிச்சமான பணத்தில் அவளுடைய சம்பளம் வந்துவிட்டது. இன்று எங்கள் தரப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

அப்ரண்டிஸ் சட்டத்தையும் சரியாகப் பயன்படுத்தலாம். ஒரு வருடப் பயிற்சிக்குப் பட்டதாரிகளை எடுத்தபோது குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தந்தது. ஆனால் நாங்கள் குறைந்தபட்சத்தோடு நிறுத்தவில்லை. இதை மலிவு ஆள் பிடிக்கிற வழியாக நினைத்தால் மாணவர்களுக்கு அது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அடுத்த பேட்ச் அந்தப் பக்கமே வராது.

போகிறவர்களும் உண்டு. டெஸ்ட் பெட்டில் அளந்து முடித்த அந்த எம்.இ. மாணவர் எங்களோடு இரண்டு வருடம் இருந்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனி போனார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இவ்வளவு சொல்லிக் கொடுத்தோமே என்று. போவதற்கு முன் ஒரு மாதம் உட்கார்ந்து, எல்லாக் கணக்கையும் எப்படிப் போட்டார் என்று தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனார். இப்போதும் சந்தேகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறோம்.

தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கையும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். 2010-இல் திறந்தது. அங்கே இடம் பிடிக்கிற கம்பெனிகள் வாடகை கட்டினால் மட்டும் போதாது, மாணவர்களுக்கு வேலை, கூட்டு ஆராய்ச்சி, ஆலோசனை என்று ஐஐடியோடு சேர்ந்து செய்வதற்குப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் காகிதத்தோடு நின்றுவிடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. சிறு பட்டறைக்காரர்கள் தரமணிக்குப் போக வேண்டியதில்லை. அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்த வருடம் எத்தனை சாம்பிள் கொடுத்தோம், எத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தோம், எத்தனை பேரை வேலைக்கு எடுத்தோம் என்று டிசம்பரில் நானும் பேராசிரியரும் உட்கார்ந்து எண்ணுகிறோம்.

போன வருடம் கல்லூரி மோல்டர் அண்ணனைத் தங்கள் பவுண்டரி லேபுக்கு அழைத்தது, மதிப்பூதியத்தோடு. இஸ்திரி போட்ட சட்டையில் போனவர், பத்து நிமிடத்தில் கையை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் இறங்கிவிட்டார். முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு பிடி மணலை அழுத்தி உடைத்துப் பார்த்தார்கள். மச்சான் அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

வருகிற ஜூலையில் புது பேட்ச் வருகிறது. இந்த முறை நீர்மூழ்கி மோட்டாரில் சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்குகிற த்ரஸ்ட் பேரிங். ஆயிரம் அடி போர்வெல்லில் மணலோடு தண்ணீர் வருகிற இடங்களில் அந்தப் பேரிங்கின் கார்பன் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயவும் இல்லை. சர்வீஸ் டீலர்கள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், தேய்ந்த கார்பனை எறிய வேண்டாம், எந்த ஊர், எத்தனை அடி, எத்தனை மாதம் ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள் என்று. ஃபோர்மேனின் ரேக்கில் இதுவரை முப்பத்தொரு பொட்டலம் சேர்ந்திருக்கிறது. பல்லடத்திலிருந்து ஒரு டீலர் கேட்காமலே, அந்த போர்வெல்லிலிருந்து வந்த மணலையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறார்.